பங்கு விற்ற லாபத்துக்கு வரி: மிசூரி வழியா, வாஷிங்டன் வழியா?

2025 ஜூலையில் மிசூரி ஆளுநர் மைக் கெஹோ ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பங்கு, நிலம் என எதை விற்று லாபம் பார்த்தாலும், தனிநபர்கள் இனி அதற்கு மாநில வருமான வரி கட்ட வேண்டாம். வருமான வரி வாங்கும் அமெரிக்க மாநிலங்களில் இப்படி முழு விலக்கு கொடுத்தது மிசூரிதான் முதலில். அதே ஆண்டு மே மாதம் வாஷிங்டன் மாநிலம் (தலைநகர் வாஷிங்டன் அல்ல) நேர் எதிராகப் போனது: 10 லட்சம் டாலரைத் தாண்டும் லாபத்துக்கு வரியை 7 சதவீதத்திலிருந்து 9.9 ஆக்கியது. வாஷிங்டன் செய்ததுதான் சரி என்பேன்.

மிசூரிக் கணக்கைப் பாருங்கள். தனியாக வாழும் ஒரு நர்ஸ் ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பாதிக்கிறார். கழிவெல்லாம் போக மாநிலத்துக்கு 1,800 டாலருக்கு மேல் கட்டுவார். வேறொருவர் பங்கு விற்று அதே 60,000 லாபம் பார்த்தால், மாநில வரி பூஜ்யம். இரவு ஷிப்ட் பார்த்துச் சம்பாதித்த பணத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சுமை?

இந்த விலக்கு வீட்டை விற்கும் முதியவருக்கு உதவும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். சொந்தமாகக் குடியிருந்த வீட்டை விற்றால் தனிநபருக்கு 2.5 லட்சம், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் லாபம் வரை மத்திய சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுக்கும் பணம் இந்த வகை லாபமே கிடையாது. அப்புறம் யாருக்கு உதவி? பெரிய அளவில் பங்கும் நிலமும் வைத்திருப்பவர்களுக்குத்தான். அதே சட்டம் குழந்தைகளின் டயப்பருக்கு விற்பனை வரியை நீக்கியது நல்ல காரியம். அதை மட்டும் தனியாகச் செய்திருக்கலாம்.

வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. விற்பனை வரிதான் பெரும் வருவாய். அதில் அடிபடுவது ஏழைகள். அதைக் கொஞ்சமாவது சரிக்கட்டத்தான் 2021-இல் இந்த லாப வரி வந்தது. தொடக்கத்தில் 2.5 லட்சம் டாலர் லாபம் வரை வரியில்லை. அந்த வரம்பும் விலைவாசிக்கேற்ப ஏறுகிறது. மனை, வீடு, ஓய்வூதியக் கணக்குக்கு விலக்கு. மைக்ரோசாஃப்ட், அமேசானில் வேலை பார்த்துக் கொஞ்சம் பங்கு சேர்த்திருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோரை இது தொடாது. 2024 நவம்பரில் இதை ரத்து செய்யலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, 64 சதவீதம் பேர் ரத்து வேண்டாம் என்றார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முதல் ஆண்டு 70 கோடி டாலருக்கு மேல் வந்தது, அடுத்த ஆண்டு வெகுவாகக் குறைந்தது. சந்தை விழுந்தால் வசூலும் விழும். அதனால்தான் முதல் 50 கோடி டாலர் கல்வி நிதிக்கும், மிஞ்சுவது பள்ளிக் கட்டடங்களுக்கும் என்று பிரித்து வைத்தார்கள். 2023-இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வாஷிங்டனை விட்டு மயாமிக்குக் குடிபெயர்ந்ததையும் சுட்டிக்காட்டுகிறார்கள். அவர் சொன்ன காரணம் பெற்றோர் அருகில் இருப்பது. வரியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒரு பணக்காரர் போய்விடுவார் என்று அத்தனை பேருக்கும் வரியை விட்டுக்கொடுப்பது நியாயமில்லை.

மிசூரியைப் போல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமும் வட்டி, ஈவுத்தொகை வரியை 2025-இல் அடியோடு நீக்கியது. அங்கே சம்பள வரி, விற்பனை வரி இரண்டும் இல்லை. ஊர்கள் சொத்து வரியை நம்பித்தான் பள்ளி நடத்துகின்றன.

மிசூரி முழு விலக்கை எடுத்துவிட்டு, வாஷிங்டனைப் போல ஒரு வரம்பு வைக்கலாம். சிறு முதலீட்டாளருக்கு அதுவே போதும். நர்ஸும் கோடீஸ்வரரும் ஒரே கருவூலத்துக்குப் பங்கு செலுத்துவார்கள்.