சாட்ஸ்வர்த் அடுமனையில் வாங்கிய கிறிஸ்துமஸ் கேக்

நாங்கள் முருகனை வழிபடும் குடும்பம். ஆயினும் 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகவே வந்தார்கள் என்பதாலும், தீபாவளிப் பலகாரத்தோடு நாங்கள் கொடுத்தனுப்பும் எவர்சில்வர் தட்டை அண்டை வீட்டு அக்கா டிசம்பரில் வெறுமையாகத் திருப்பித் தந்ததே இல்லை என்பதாலும், கிறிஸ்துமஸை நாங்களும் கொண்டாடுகிறோம். அக்கா காலமாகிவிட்டதால், இம்முறை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள சிறிய அடுமனை ஒன்றில் முட்டை சேர்க்காத பழக் கேக் சொல்லி வைத்தேன். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தந்தார்கள். ஆனால் டிசம்பர் வெயிலில் வீடு வந்தும் கேக் குலையவில்லை. கத்தி வைத்ததும் ஏலக்காய் மணத்தது, ஊறிய திராட்சை அடியில் தங்காமல் எங்கும் பரவியிருந்தது. மேற்பூச்சின் இனிப்பு மட்டும் சற்றுத் திகட்டியது. முதல் துண்டை அதே தட்டில் வைத்து அக்காவின் மகளுக்குக் கொடுத்தனுப்பினோம்.