ஈயம் வயிற்றில் சேராமல் இருக்க: மாஸ் என்கிற புளித்த பாலா, கீரையா, கொத்தமல்லிச் சாறா?

தூண்டிலுக்கான ஈயக்குண்டை வீட்டு அடுப்பிலேயே உருக்கி வார்க்கும் பழக்கம் தென்னாப்பிரிக்க மீன்பிடிக் குடும்பங்களில் உண்டு. பேட்டரி, ரேடியேட்டர் பட்டறைக்குப் போகிறவர்கள் உடுப்பிலேயே ஈயத்தூளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அப்புறம் வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், பசியின்மை என்று ஆரம்பித்தால் டர்பனில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

கொத்தமல்லிச் சாற்றைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஈயம் ஏறிய குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தே இல்லாத போலிச் சாறு குடித்த பிள்ளைகளைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ரசத்தில் கிள்ளிப் போடுங்கள், மருந்தாக நம்பவேண்டாம். கரி மாத்திரையும் வீண்தான், ஈயம் அதில் சரியாக ஒட்டாது. பூண்டுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது: ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர்களிடம் நடந்த, 2012இல் வெளியான ஆய்வில் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. ஆனால் அது ஒரு சிறிய ஆய்வு, அதுவும் மாத்திரையாகக் கொடுத்தது. குழம்பில் நாலு பல் போடுவதை அதோடு சேர்க்க முடியாது.

என்னைக் கேட்டால் இதையெல்லாம் விட முக்கியமானது காலைச் சாப்பாடு. வெறும் வயிற்றில் போகும் ஈயத்தில் பெரியவர்களுக்குச் சுமார் 60 சதவீதம் உடம்பில் சேர்கிறது. சாப்பாட்டோடு போனால் பத்து சதவீதத்துக்கும் கீழே. டீயை மட்டும் குடித்துவிட்டுப் பட்டறைக்கு ஓடுவது அவ்வளவு கெடுதல்.

சரி, என்ன சாப்பிடுவது? இங்கேதான் மாஸும் கீரையும் போட்டி போடுகின்றன. மாஸில் உள்ள கால்சியம், ஈயம் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்புச்சத்து குறைந்த உடம்போ ஈயத்தையும் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தையும் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அதற்குக் கீரையும் சுகர் பீன்ஸ் என்ற உலர்ந்த பயறுக் கறியும் வேண்டும். இரண்டும் தேவை, ஆனால் ஒரே வேளையில் வேண்டாம், கால்சியம் இரும்பைத் தடுக்கும். காலையில் மீலிமீல் (மக்காச்சோள மாவு) கஞ்சியோடு மாஸ், மதியம் எலுமிச்சை பிழிந்த கீரை என்று பிரித்துக்கொள்ளலாம். பால் டீயைச் சாப்பிட்டவுடன் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் இரும்பைத்தான் முதலில் பார்ப்பேன். புரட்டாசி முழுக்கக் கறி, மீன் தொடாத வீடுகளில் இது இன்னும் அவசியம். காவடி விரதம் இருப்பவர்கள் அந்த நாட்களில் ஈயக்குண்டு உருக்கும் வேலையையே தள்ளி வையுங்கள்.

உணவால் முடிவது இனிமேல் சேர்வதைக் குறைப்பதுதான். எலும்பில் ஏற்கெனவே படிந்த ஈயம் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். எந்தச் சாறும் அதை எடுக்காது. வயிறு தொடர்ந்து இழுத்துப் பிடித்தால் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. அளவு மிகவும் அதிகமானால் ஈயத்தை வெளியேற்றும் மருந்தை மருத்துவர்தான் தரவேண்டும்.

அப்படித் தேடும்போது சமையல் பாத்திரத்தையும் பாருங்கள். பழைய உலோகச் சாமான், கார் உதிரிப்பாகங்களை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டிகளிலிருந்து ஈயம் கசிவதை இந்நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. புளிப்பு சேர்ந்தால் கசிவு கூடும். நம் டின் ஃபிஷ் சட்னியையே எடுத்துக்கொள்ளுங்கள்: பில்சார்ட் என்ற மத்தி வகை மீனின் மெத்தென்ற முள்ளில் அருமையான கால்சியம், ஆனால் தக்காளியையும் புளியையும் அந்தச் சட்டியில் கொதிக்கவிட்டால் மீனின் நன்மையோடு ஈயமும் தட்டுக்கு வரும். அதற்கு எவர்சில்வர் பாத்திரமே நல்லது. மூன்று கால் வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் இரும்புச்சத்தும் சேரும்.