ஊசியின் அளவைக் குறைப்பதா, இடைவெளியை நீட்டுவதா?

மனச்சிதைவுக்கான நீண்டநாள் ஊசியில் (ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் மெல்ல மருந்தை வெளியிடும் ஊசி) நோய் அடங்கிய பிறகும் உடல் விறைப்பு, கைநடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு ஆகிய பக்கவிளைவுகள் நீடித்தால், பராமரிப்பு அளவை, அதாவது தொடர்ந்து போடப்படும் அளவை, இறக்க இரண்டு வழிகள் உண்டு: இடைவெளியை மாற்றாமல் மில்லிகிராமைக் குறைக்கலாம், அல்லது மில்லிகிராமை மாற்றாமல் ஊசிகளுக்கு இடைப்பட்ட நாள்களைக் கூட்டலாம். மாதாந்திரப் பாலிபெரிடோன் ஊசி போட்டுக்கொள்ளும் என் அண்ணனுக்காக, மருத்துவருடன் கலந்து பேசி நாங்கள் தேர்ந்தது முதல் வழி. இப்போதும் என் சார்பு அதன் பக்கமே.

இடைவெளி நீண்டால் ஊசிகளும் மருத்துவமனை நடையும் குறையும். அதை விளக்க வேண்டியதில்லை. நான்கு வாரத்துக்கு 100 மி.கி. என்பதை 75 மி.கி. ஆக்குவதும், 100 மி.கி.யையே ஐந்து வாரத்துக்குச் சற்று மேல் தள்ளிப் போடுவதும் சராசரியில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நோயாளி சராசரியில் வாழ்வதில்லை. இடைவெளி நீளும்போது, அடுத்த ஊசிக்கு முந்தைய நாள்களில் இரத்தத்தில் மருந்து மேலும் தாழ்கிறது. அப்போது தூக்கம் கெட்டாலோ சந்தேகம் தலைதூக்கினாலோ, மொத்த அளவு போதவில்லையா, கடைசி வாரம் மட்டும் போதவில்லையா என்று பிரித்தறிவது கடினம். போதாக்குறைக்கு, மாத ஊசியை ஏழு நாள் முன்பின்னாகப் போட இடமுண்டு; ஆறு வாரத்தைத் தாண்டினால் சாதாரணமாகத் தொடர முடியாது, சிறப்பு முறையில் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். இடைவெளியை முன்பே நீட்டியவருக்கு, காய்ச்சலோ பயணமோ குறுக்கிட்டால் தாமதத்தைத் தாங்கச் சில நாள்களே மிச்சமிருக்கும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

எந்த வழியானாலும் பொறுமை வேண்டும். இம்மருந்தின் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், 25 முதல் 49 நாள்கள் என்பதால், புதிய அளவு உடலில் நிலைகொள்ளப் பல மாதங்கள் ஆகும். முதல் மாதத்தின் அமைதி பழைய மருந்தின் மிச்சமாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு படி இறங்கியதும் அடுத்த படிக்கு அவசரப்படாமல், தூக்கம், பேச்சு, நடுக்கம் மூன்றையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுவது உதவுகிறது.

இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொருமுறை போடப்படும் ஃப்ளூஃபெனசின் டெகனோயேட் போன்ற, எண்ணெயில் கரைத்த பழைய மனச்சிதைவு மருந்து ஊசிகளில் இடைவெளியை மாற்றுவது வழக்கமான நடைமுறை. அங்கே என் சார்பு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மூன்று மாதப் பாலிபெரிடோனை நாங்கள் பயன்படுத்தியதில்லை. அது மாத ஊசியை நீட்டிப் போடுவதல்ல. குறைந்தது நான்கு மாதம் மாத ஊசியில் நிலைபெற்றவருக்கு, அதன் மூன்றரை மடங்கு அளவில் தரப்படும் தனித் தயாரிப்பு.