ஜிடி அண்ட் டி-யைத் தானாகக் கற்பது: தரநிலையா, பாடநூலா, காணொளியா, சர்ஃபேஸ் பிளேட்டா?

பொறியியல் வரைபடத்தில் வடிவத்துக்கும் இருப்பிடத்துக்கும் டாலரன்ஸ் (எவ்வளவு பிசகு அனுமதி என்ற எல்லை) கொடுக்கும் ஜிடி அண்ட் டி-யை வகுப்புக்குப் போகாமலே கற்றுக்கொள்ளலாம். எதைக் கையில் எடுப்பது என்பதில்தான் வழக்கு. தரநிலை ஆவணத்தையே படி என்பார் ஒருவர். நல்ல பாடநூல் ஒன்று போதும் என்பார் இன்னொருவர். காணொளியே கதி என்று இருப்பவர்கள் உண்டு. ஆய்வு அறையில் ஊறியவர்களோ, சர்ஃபேஸ் பிளேட்டில் (அளவெடுக்க ஆதாரமாகும் சமதள மேடை) கை வைக்காதவனுக்கு எதுவும் விளங்காது என்று அடித்துச் சொல்வார்கள். என் கட்சி இது: பாடநூல்தான் முதுகெலும்பு, ஆனால் டேட்டம் (அளவெடுக்க ஆதாரமாகக் கொள்ளும் பரப்போ அச்சோ) மண்டையில் ஏறுவது சர்ஃபேஸ் பிளேட்டில்தான். மற்ற இரண்டும் துணைக்கு.

இந்தத் தேர்வுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ-யின் ஒய்14.5 வழியா, சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ வழியா? குறியீடுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரிவதால் இரண்டையும் கலந்து படித்துவிடலாம் என்று தோன்றும். படிக்கக் கூடாது. 19.9 முதல் 20.0 மி.மீ. வரை விட்டம் அனுமதிக்கப்பட்ட ஒரு நீண்ட ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்தாலும் சரியாக 20.0 காட்டுகிறது, ஆனால் ஷாஃப்ட் லேசாக வளைந்திருக்கிறது. ஏஎஸ்எம்இ-யின் முதல் விதிப்படி இது கழிவு. விட்டம் மேல் எல்லையைத் தொட்டுவிட்டால் வடிவம் பிசகே இல்லாமல் இருக்க வேண்டும், 20.0 மி.மீ. கச்சித உருளைக்குள் முழு நீளமும் நுழைய வேண்டும் என்கிறது அந்த விதி. ஐஎஸ்ஓ 8015 அப்படிச் சொல்வதில்லை. அங்கே ஒவ்வொரு தேவையும் தனித்தனி. விட்டத்தின் எல்லை வளைவைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்த வேண்டுமானால் அளவின் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஈ’ (E) என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். ஒரே ஷாஃப்டுக்கு இரண்டு தீர்ப்பு. காணொளிகளை வரிசையாகப் பார்த்துக் கற்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேசுபவர் எந்தத் தரநிலையில் நின்று பேசுகிறார் என்று சொல்லாமலே போய்விடுவார்.

உங்கள் மேசைக்கு வரும் வரைபடங்களின் தலைப்புக் கட்டத்தில் எந்தத் தரநிலையும் எந்த ஆண்டும் எழுதியிருக்கிறதோ, அதிலேயே தொடங்குங்கள். ஆண்டும் முக்கியம். ஏஎஸ்எம்இ-யின் 2009 பதிப்பில் 14 குறியீடுகள் இருந்தன. 2018 பதிப்பு கான்சென்ட்ரிசிட்டி (மைய ஒற்றுமை), சிமெட்ரி (சமச்சீர்) இரண்டையும் நீக்கிவிட்டது. ஐஎஸ்ஓ 1101 அவற்றை இன்னும் வைத்திருக்கிறது.

தரநிலை ஆவணத்தைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அது சட்டப் புத்தகம். என்ன பொருள் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. விடையோடு பயிற்சிக் கணக்கும் இருக்காது. ஏஎஸ்எம்இ பக்கம் பெரும்பகுதி ஒரே ஆவணத்துக்குள் அடங்கிவிடுவதால் பொறுமைசாலி எப்படியோ படித்து முடித்துவிடுவார். ஐஎஸ்ஓ பக்கம் அதற்கும் வழியில்லை. டாலரன்ஸுக்கு 1101, டேட்டத்துக்கு 5459, எம்எம்சி (பாகத்தில் பொருள் அதிகபட்சமாக இருக்கும் அளவு நிலை; துளைக்கு மிகச் சிறிய விட்டம்) போன்றவற்றுக்கு 2692, அளவுக்கு 14405 என்று ஒன்று இன்னொன்றைக் கைகாட்டிக்கொண்டே போகும். சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க அதைவிட நம்பகமானது வேறில்லை. முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காருவது மட்டும் வேண்டாம்.

பாடநூலின் பலம் கணக்குகள். ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் 10.0 முதல் 10.2 வரை. பொசிஷன் (இருப்பிட) டாலரன்ஸ் எம்எம்சி நிலையில் விட்டம் 0.2, அதாவது 0.2 விட்டமுள்ள வட்டத்துக்குள் மையம் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் துளையின் மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எக்ஸ் திசையில் 0.1, ஒய் திசையில் 0.1 விலகியிருக்கிறது. அவசரக்காரர் 0.1 தானே, தேறிவிட்டது என்பார். மூலைவிட்டத்தில் விலகல் 0.141, பொசிஷன் விட்டத்தில் சொல்லப்படுவதால் அதை இரட்டிக்க வேண்டும், 0.283. துளை 10.0 ஆக இருந்தால் தேறாது. அதே துளை 10.1 ஆக இருந்தால், எம்எம்சி-யான 10.0-ஐவிடப் பெரிதாக இருக்கும் 0.1 போனஸாகச் சேர்ந்து 0.3 வரை அனுமதி, தேறிவிடும். 10.08 என்றால்? பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள், மயிரிழையில் போகிற கேஸ் அது. இப்படிப் பத்துப் பதினைந்து கணக்கு போட்டவருக்குப் போனஸ் டாலரன்ஸ் பற்றி யாரும் உரை நிகழ்த்த வேண்டியதில்லை.

காணொளியைக் குறை சொல்லி என்ன பயன்? சர்க்குலர் ரன்அவுட்டுக்கும் (சுழலும்போது ஒரு குறுக்குவெட்டில் பரப்பு ஆடும் அளவு) டோட்டல் ரன்அவுட்டுக்கும் (முழுப் பரப்பிலும் ஆடும் அளவு) உள்ள வித்தியாசத்தைச் சுழலும் படத்தில் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். எந்தப் புத்தகத்தாலும் அது முடியாது. ஆனால் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அதுதான் ஆபத்து.

இனி சர்ஃபேஸ் பிளேட். ஒரு பக்கம் 0.3 மி.மீ. தடிமன் கூடிய, ஆப்பு போன்ற ஒரு தகட்டை அதன் மேல் வையுங்கள். டயல் கேஜை மேற்பரப்பு முழுவதும் ஓட்டுங்கள். முள் 0.3 நகரும். உடனே பிளாட்னஸ் (சமதளத்தன்மை) 0.3 என்று எழுதுபவர்கள் ஏராளம். அது பிளாட்னஸ் அல்ல, அடிப்பரப்பை டேட்டமாகக் கொண்ட பேரலலிசம் (இணைத்தன்மை). இப்போது தகட்டை மூன்று சிறு ஸ்க்ரூ ஜாக்குகளின் மேல் ஏற்றி, மேற்பரப்பில் மூன்று புள்ளிகளைச் சம உயரத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் ஓட்டுங்கள். முள் 0.01 கூட நகராமல் போகலாம். பிளாட்னஸுக்கு டேட்டம் ஏன் கிடையாது என்பது இப்போது கையிலேயே தெரியும். இந்த முறை உண்மையான பிளாட்னஸைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் (ஷாஃப்டை மையத்தில் பிடிக்காமலே சாணை பிடிக்கும் முறை) வந்த சில ஷாஃப்டுகளின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் மூன்று மேடுகளோடு இருக்கும். மைக்ரோமீட்டரில் எந்தக் கோணத்தில் அளந்தாலும் ஒரே விட்டம். வி வடிவப் பள்ளமுள்ள வி பிளாக்கில் வைத்துச் சுழற்றினால் டயல் முள் ஆடும்.

ஆனால் சர்ஃபேஸ் பிளேட்டை மட்டுமே நம்பினால் எதை அளக்கிறோம் என்று தெரியாமலே முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்போம். காம்போசிட் பொசிஷன் (துளைக் கூட்டத்துக்கு இரண்டு அடுக்காகக் கொடுக்கும் இருப்பிட டாலரன்ஸ்), சிக்கலான புரொஃபைல் (வளைபரப்பின் வடிவ டாலரன்ஸ்) போன்றவை அங்கே எளிதில் பிடிபடாது. டிசைன் வேலையில் இருப்பவர் பாடநூலில் பாதி தூரம் போன பிறகு ஆய்வு அறைக்குள் நுழையலாம். ஆய்வில் இருப்பவர் தலைகீழாக, கையில் இருக்கும் உதிரிப்பாகத்தோடு புத்தகத்துக்கு வரலாம்.

சான்றிதழுக்காகப் படிப்பவர்கள் கதை தனி. ஏஎஸ்எம்இ நடத்தும் ஜிடிடிபி தேர்வில் டெக்னாலஜிஸ்ட், சீனியர் என இரண்டு நிலைகள் உண்டு. கேள்விகள் ஒய்14.5-ஐ ஒட்டியே வரும். அந்தத் தேர்வுக்கு உட்காருபவர் மட்டும், மேலே நான் வேண்டாம் என்ற தரநிலையை வரிக்கு வரி படித்தே ஆக வேண்டும்; எந்தப் பதிப்பிலிருந்து கேட்கிறார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.