ஏற்காட்டில் 1 கிலோ: தட்டுத் தராசா, எலெக்ட்ரானிக் தராசா?

சேலத்தில் சரிபார்த்த எலெக்ட்ரானிக் தராசை வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏற்காட்டில் இறக்கி, கீழே வைத்துப் பார்த்த அதே 1 கிலோ எடைக்கல்லை வையுங்கள். திரை 1000.00-க்கு வராது. 999.60-க்கும் 999.75-க்கும் நடுவே எங்கோ நின்றுவிடும். கல் தேயவில்லை, தராசும் பழுதாகவில்லை. அதே கல்லைத் தட்டுத் தராசில் இன்னொரு 1 கிலோ கல்லோடு வைத்தால், சேலத்தில் நின்ற இடத்தில்தான் இங்கும் முள் நிற்கும்.

காரணம், இரண்டும் அளப்பது ஒன்றையல்ல. தட்டுத் தராசு ஒரு நிறையை இன்னொரு நிறையோடு ஒப்பிடுகிறது. மலையேறினால் ஈர்ப்பு இரு தட்டிலும் ஒரே விகிதத்தில் குறைவதால் சமநிலை மாறாது. எலெக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கும் லோடு செல் ஓர் அலுமினியத் துண்டு. மேலே பாரம் ஏறும்போது அது மயிரிழை வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருள்களின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் தராசு கிராமாகக் காட்டுகிறது. ஆக, அது அறிந்தது விசை மட்டுமே. பள்ளிப் பாடத்தில் நிறை, எடை என்று இரண்டாகப் பிரித்தார்களே, அது வியாபாரத்தில் காசாகும் இடம் இது.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. இந்த 1,200 மீட்டர் ஏற்றத்தில் ஈர்ப்பு குறைவதால் கிலோவுக்குக் கால் கிராமிலிருந்து 0.4 கிராம் வரை குறைத்துக் காட்டும். ஒரே எண்ணாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், காலடியில் இருக்கும் மலையும் தன் பங்குக்குக் கீழே இழுக்கிறது; உயரத்தால் போனதில் கொஞ்சம் திரும்பி வருகிறது. இதைவிடப் பெரிய வேறுபாடு அட்சரேகையால், அதாவது ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதால் வரும். டெல்லியில் சரிசெய்த தராசைத் தொடாமல் அப்படியே சேலத்தில் வைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிராம் குறையும். தராசை விற்ற ஊரில் அல்ல, வைக்கும் இடத்தில் சரிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

அப்படியானால் தட்டுத் தராசே மேல் என்று சொல்லிவிடலாமா? அதற்குள் வேறு வியாதிகள் உண்டு. முதல் வியாதி, கை நீளம். தண்டின் இரு கைகளும் மயிரிழை வேறுபட்டாலும் முள் நடுவில் நின்றபடியே பொய் சொல்லும். கண்டுபிடிப்பது எளிது: பொருளை இடத் தட்டில் வைத்து எடை போடுங்கள், பிறகு வலத் தட்டுக்கு மாற்றிப் போடுங்கள். ஒரு கொலுசுக் கட்டு இடப்பக்கம் 502 கிராம், வலப்பக்கம் 498 கிராம் என்று வந்தால் கைகள் சமமில்லை. உண்மை எடை இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம், 499.996. சராசரியான 500-ஐ வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் 4 மில்லிகிராம்தான். கணக்கே வேண்டாம் என்றால், பொருளை ஒரு தட்டில் வைத்து எதிர்த்தட்டில் மணலோ ஈயக் குண்டோ போட்டுச் சமன் செய்யுங்கள். பிறகு பொருளை எடுத்துவிட்டு அதே தட்டில் எடைக்கற்களை அடுக்குங்கள். கை எப்படிக் கோணியிருந்தாலும் விடை சரியாக வரும்.

அடுத்தது கத்திமுனை. தண்டு தாங்கும் முனை துருப்பிடித்தால் சின்ன எடைக்கு முள் அசையாது. அரை கிராம் வைத்தும் அசையாத தராசில் வெள்ளி நிறுப்பது வீண்வேலை. எடைக்கல்லையும் பார்க்க வேண்டும்: தேய்ந்தால் வாங்குபவருக்கு நட்டம், எண்ணெயும் தூசியும் ஏறினால் விற்பவருக்கு.

எலெக்ட்ரானிக் தராசின் கோளாறுகள் கண்ணுக்குத் தெரியாதவை, அதனால்தான் ஆபத்து. போட்டவுடன் நிறுத்தால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். 20 நிமிடமாவது சூடாகவிட வேண்டும். நீர்க்குமிழி வட்டத்தின் நடுவில் இல்லையென்றால் பாரம் சாய்வாக இறங்கிக் குறைத்துக் காட்டும். 0.01 கிராம் காட்டும் தராசுக்கு மேலே மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் குதிக்கும். கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் லோடு செல் அடிவாங்கியிருக்கிறது.

தகட்டில் பொறித்த 'டி', 'இ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'டி' என்பது திரை காட்டும் மிகச் சிறிய படி. 'இ' என்பது சரிபார்ப்புக்கு எடுத்துக்கொள்ளும் படி. திரையில் இரண்டு தசமம் தெரிகிறது என்பதற்காக இரண்டும் நம்பத்தக்கவை ஆகிவிடாது. தராசுகளைத் துல்லியப்படி வகை பிரித்ததில் சாதாரண வியாபாரத்துக்கான மூன்றாம் வகைத் தராசில், 'இ' 10 கிராம் என்றால், 50 கிலோ மூட்டைக்குச் சரிபார்ப்பின்போதே 15 கிராம் வரை பிழை அனுமதி உண்டு.

இங்கேதான் மிளகு வியாபாரியின் தேவையும் வெள்ளிப் பட்டறையின் தேவையும் பிரிகின்றன. ஏற்காட்டில் 50 கிலோ மிளகு மூட்டைக்கு மலை செய்யும் பிழை 12 முதல் 20 கிராம். மேலே சொன்ன அனுமதிக்கு ஒட்டியே வருகிறது. ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினாலோ மூட்டையில் அரைக் கிலோ தண்ணீர். அந்த வியாபாரியின் காசு ஈரமானியில் போக வேண்டும். தராசைப் பற்றிய கவலை இரண்டாவது. காப்பிக் கொட்டைக்கும் இதே கணக்குதான். எடை போடாமல் படி என்ற அளவுப் பாத்திரத்தால் அளப்பது இன்னும் மோசம்: நல்ல மிளகு லிட்டருக்கு 550 கிராம் வரும், பொக்கு மிளகு அதைவிடக் குறையும், படி இரண்டுக்கும் ஒரே விலை சொல்லும். ஸ்பிரிங் தராசு தோட்டத்தில் பழக்கூடை நிறுக்கத் தவிர வேறெதற்கும் ஆகாது. சுருள் தளர்ந்தால் திருத்த வழியில்லை.

வெள்ளியில் கதை வேறு. சேலத்தின் வெள்ளிப் பட்டறைப் பகுதிகளான செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ கட்டியைக் கொடுத்துக் கொலுசாக வாங்கும்போது, கொடுப்பதும் வாங்குவதும் ஒரே தராசு என்றால் விகிதப் பிழை இரு பக்கமும் ஏறி, சேதாரக் கணக்கில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஒரு தராசில் கொடுத்து மறு தராசில் வாங்கினால், கிலோவுக்குக் கால் கிராம் பிழையும் பட்டறைக்காரர் தலையில் விடியும். வெள்ளிக்கு என் தேர்வு, 0.01 கிராம் காட்டும், மூன்றாம் வகையைவிடத் துல்லியமான இரண்டாம் வகை எலெக்ட்ரானிக் தராசு, பக்கத்தில் ஒரு நல்ல எடைக்கல். தட்டுத் தராசு வெள்ளிப் பட்டறைக்கு இனி வேகம் போதாது.

அந்தக் கல் எந்தத் தரம் என்பதில் கஞ்சத்தனம் கூடாது. 'எம்1' தர 1 கிலோ கல்லுக்கு 50 மில்லிகிராம் வரை பிழை அனுமதி. அதாவது உங்கள் தராசின் ஐந்து படி. 'எஃப்1' தரத்துக்கு 5 மில்லிகிராம்தான். கிலோவை ஊருக்கு ஊர் சுமந்துவருவது இந்தக் கல்தான். 2019 மே 20 வரை உலகத்துக்கே கிலோ என்பது பாரிஸ் அருகே வைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் 57-ஆம் நகல் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து இயற்பியலின் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள். பட்டறையில் நடைமுறை மாறவில்லை: கல்லை வெறுங்கையால் தொடாமல், துணியால் எடுத்து, தினமும் காலையில் ஒருமுறை வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துவையுங்கள். எண் விலகினால் நீங்களே உள்ளே கைவைக்காதீர்கள். சரிபார்த்ததற்கு அடையாளமாக அரசு வைத்த முத்திரை உடைந்தால் தராசு சட்டப்படி செல்லாது. உரிமம் பெற்ற பழுதுநீக்குநரைக் கூப்பிட்டு, வைத்த இடத்திலேயே சரிசெய்து, மறு முத்திரை வாங்குங்கள்.