இடுப்பில் செயற்கை டிஸ்க்: ஏழு மாங்காய் சீசன் கழித்து

எல் 4 – எல் 5 இடத்தில், அதாவது அடியிடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே, எனக்குச் செயற்கை டிஸ்க் வைத்து ஏழு வருடம் தாண்டிவிட்டது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. சீசன் வந்தால் கிருஷ்ணகிரி மண்டிக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் லோடு ஏற்றும் வேலை. ஆபரேஷன் முடிந்த சில மாதத்தில் எழுதப்படும் அனுபவங்கள் நிறைய இருக்கின்றன. அதெல்லாம் வலி போன நிம்மதியில் எழுதுவது. வருடக்கணக்கில் உழைக்கிற உடம்பில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்பவர்கள் குறைவு.

முதலில் நல்லது. காலில் இறங்கிய வலி திரும்பவில்லை. குனிந்து செருப்பு மாட்டுவது, தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது எல்லாம் தடையில்லாமல் நடக்கிறது. ஃப்யூஷன் என்ற இன்னொரு ஆபரேஷன் செய்தால் அந்த இரண்டு எலும்பும் ஒன்றாகிவிடும், அசைவை மேலே கீழே உள்ள டிஸ்க்குகள் ஏற்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

என்னுடையது பந்து-கிண்ண வகை. மேலும் கீழும் கோபால்ட்-குரோம் தகடு, நடுவில் பாலிஎத்திலீன் குமிழ். செயற்கை டிஸ்க்குகளில் முன்னோடியான சாரிட்டே டிஸ்க் 1980களில் பெர்லினில் உருவானது, அமெரிக்காவில் 2004இல் அனுமதி பெற்றது. உருவாக்கிய இருவரில் ஒருவரான டாக்டர் கரின் பியூட்னர்-யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர். முதுகு வளைவதன் அருமை தெரிந்தவர் கையில் பிறந்த கருவி என்பதில் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி, வாங்கும் முன் யாரும் விளக்கமாகச் சொல்லாத விஷயம். நம் சொந்த டிஸ்க் கூழ் போன்ற மையமும் சுற்றி நார் வளையங்களும் கொண்டது. அமுங்கும், குனிய நிமிர அதன் சுழல் மையமும் கொஞ்சம் நகரும். பந்து-கிண்ண டிஸ்க்கில் மையம் நிலையானது, அமுங்குவதும் மிகக் குறைவு. அதோடு வயிற்று வழியாகப் போய் வைப்பதால் முன்பக்க நார்களையும் தசைநாரையும் வெட்டித்தான் ஆக வேண்டும். பின்னால் சாய்வதையும் முறுக்குவதையும் பிடித்து நிறுத்தியவை அவைதான். அந்த வேலையில் பெரும்பங்கு ஃபேசட் மூட்டுகள், அதாவது முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இணைக்கும் சிறு மூட்டுகள், தலையில் விழுகிறது.

எனக்கு இது தெரிவது லோடு ஏற்றும்போதுதான். தரையிலிருந்து கிரேட்டை எடுத்து, பாதத்தை அசைக்காமல் இடுப்பை மட்டும் திருப்பி டெம்போவில் வைத்தால், மறுநாள் காலை வலதுபக்கம் அடியிடுப்பில் ஒரு மந்தமான வலி உட்கார்ந்திருக்கும். பாதத்தோடு திரும்பினால் வருவதில்லை. பைக்கில் வேகத்தடை ஏறும் அதிர்வும் முன்னைவிட நேராக மேலே ஏறுகிறது, அங்கே பின்சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்வேன்.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் உதவியது. ஜெர்மனியில் வில்கே குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய எல் 4 – எல் 5 டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. ஒரு மாங்காய் கிரேட்டும் கிட்டத்தட்ட அந்த எடைதான். அது இயற்கை டிஸ்க்கில் எடுத்த அளவு, ஆனாலும் சுமை சுமைதானே. இப்போது நான் வளைந்தால் லோடுமேன் பையன், “அண்ணா, நீங்க விடுங்க, நான் ஏத்துறேன்” என்று ஓடி வந்துவிடுவான்.

திரும்பவும் இதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். ஃபேசட் மூட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தாலோ, எலும்பு அடர்த்தி குறைந்திருந்தாலோ, முள்ளெலும்பு முன்னால் நழுவியிருந்தாலோ இது பொருந்தாது. ஆகவே டாக்டரிடம் போகும்போது எந்தக் கம்பெனி டிஸ்க் என்று கேட்பதற்கு முன், “என் ஃபேசட் மூட்டு எப்படி இருக்கு?” என்று எம்ஆர்ஐ, சிடி படத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வைத்த பிறகு, வலி இல்லாவிட்டாலும், டாக்டர் சொல்கிற இடைவெளியில் எக்ஸ்ரே எடுங்கள். தகடு எலும்புக்குள் அமிழ்கிறதா என்பது வெளியே தெரியாது.