மேலேறுவதா, கீழிறங்குவதா, விற்றுவிடுவதா: என்எஃப்எல் டிராஃப்ட் பேரங்களின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஏற்பாடே டிராஃப்ட். 2023 மார்ச்சில் கரோலினா பாந்தர்ஸ் அணி, அவ்வாண்டு டிராஃப்டின் முதல் தேர்வுரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணியிடமிருந்து வாங்கியது. அதற்காக அதே ஆண்டின் 9ஆம், 61ஆம் தேர்வுரிமைகளையும், 2024இன் முதல் சுற்று உரிமையையும், 2025இன் இரண்டாம் சுற்று உரிமையையும், டி.ஜே. மூர் என்ற தேர்ந்த ரிசீவரையும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) கொடுத்தது. வாங்கிய இடத்தில் பிரைஸ் யங் என்ற இளம் குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) எடுத்த கரோலினா, அந்தப் பருவத்தின் 17 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. கடைசியாக வந்த அணிக்கே அடுத்த டிராஃப்டில் முதலிடம் என்பதால், முன்பே கைமாறியிருந்த 2024ஆம் ஆண்டின் உரிமை முதலாம் இடமாகவே சிகாகோவைச் சேர்ந்தது; அந்த அணி அதைக்கொண்டு கேலப் வில்லியம்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. ஆக, ஒரு முதலிடத்தை வாங்கக் கொடுத்த விலைக்குள்ளேயே இன்னொரு முதலிடமும் அடங்கியிருந்தது.

டிராஃப்ட் நாளில் ஓர் அணியின் மேலாளர் முன் இருக்கும் பெரிய வழிகள் மூன்று. வரிசையில் மேலேறிக் குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரைப் பிடிக்கலாம். கீழிறங்கிக் கூடுதல் உரிமைகளைச் சேர்க்கலாம். உரிமைகளையே விற்று, ஏற்கெனவே திறமையை நிரூபித்த ஆட்டக்காரரை வாங்கலாம். ஐபிஎல் ஏலத்தில் பணப்பை செய்யும் வேலையை இங்கே வரிசை செய்கிறது. 32 அணிகள், ஏழு சுற்றுகள், முந்தைய பருவத்தில் பின்தங்கியவருக்கு முன்னுரிமை என்ற ஏற்பாட்டில், பேரம் பேசப்படும் சரக்கு அந்த வரிசையிலுள்ள இடமே.

இடங்களுக்கு விலை குறித்த முதல் புகழ்பெற்ற அட்டவணை டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் பிறந்தது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரில் வழங்கும் அதனை, 1990களின் தொடக்கத்தில் அந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய் உருவாக்கினார். முதலிடத்துக்கு 3000 புள்ளிகள், பத்தாம் இடத்துக்கு 1300, பதினாறுக்கு 1000, முதல் சுற்றின் கடைசியான 32ஆம் இடத்துக்கு 590. உச்சியில் செங்குத்தாகச் சரிந்து பின்னர் மெதுவாகத் தாழும் இந்தக் கோடு, ஆட்டக்காரர்கள் பின்னாளில் எப்படி ஆடினார்கள் என்பதை அளந்து வரையப்பட்டதன்று. அணிகள் அதுவரை எந்த இடத்தை எந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டன என்பதைப் பார்த்துப் பொருத்தப்பட்டது. சந்தையில் என்ன விலை போகிறது என்று அது சொல்லும். அந்த விலை நியாயமா என்று சொல்லாது. இந்த வேறுபாட்டைப் பல அணிகள் நெடுங்காலம் கவனிக்கவில்லை என்றே கருதுகிறேன்.

அந்த நியாயத்தைச் சோதித்தவர்கள் கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள். தேலர் 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆட்டக்காரரின் பங்களிப்பிலிருந்து அவருக்குத் தரும் சம்பளத்தைக் கழித்து, மிஞ்சுவது எவ்வளவு என்று இவர்கள் கணக்கிட்டனர். சம்பள உச்சவரம்பு உள்ள ஆட்டத்தில் இந்த மிச்சமே உண்மையான லாபம். அவர்கள் ஆராய்ந்த காலத்தில் அந்த லாபம் முதலிடத்தில் அல்லாமல் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தை ஒட்டியே உச்சம் தொட்டது. ஒரே நிலையில் ஆடும் இருவரில் முன்னதாக எடுக்கப்பட்டவர் மேலானவராக விளங்கும் வாய்ப்பு, நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே அதிகம் என்பதும் அவர்கள் கண்டது. எதிர்கால உரிமைகளை அணிகள் ஆண்டுக்கு 100 விழுக்காட்டுக்கும் மேலான வட்டிக்கு இணையான கழிவில் விற்றுத் தள்ளின என்பது இன்னும் கடுமையான முடிவு. கந்துவட்டிக்காரரும் கூசும் விகிதம் அது.

இம்முடிவுகளை இன்றைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. 2010இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டு ஒப்பந்தம், அதில் 5 கோடி டாலர் உறுதித் தொகை. 2011இன் தொழிலாளர் உடன்படிக்கை புதியவர்களின் சம்பளத்தை வரையறுத்த பிறகு, அவ்வாண்டு முதலிடத்தில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 2.2 கோடி மட்டுமே. இதனால் உச்ச இடங்களின் லாபம் உயர்ந்தது. குவாட்டர்பேக் என்றால் பல மடங்கு உயர்ந்தது, ஏனெனில் அந்த நிலையில் அனுபவம் வாய்ந்தவருக்கு இன்று ஆண்டுக்கே அதைவிட இருமடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனவே மற்ற நிலைகளுக்காக மேலேறுவது இன்றும் பெரும்பாலும் வீண் செலவு. குவாட்டர்பேக்குக்காக மேலேறுவதே விவாதத்துக்கு உரியது.

மேலேறியவரையும் இறங்கியவரையும் அருகருகே வைத்துப் பார்க்க 2012ஆம் ஆண்டு பேரம் ஏற்றது. வாஷிங்டன் அணி ஆறாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறிக் குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினை எடுக்க, அவ்வாண்டின் இரண்டாம் சுற்று உரிமையையும் 2013, 2014 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் அணிக்குக் கொடுத்தது. கிரிஃபின் முதல் பருவத்தில் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது பெற்றார். அப்பருவத்தின் முடிவில் முழங்கால் தசைநார்கள் கிழிந்தபின் பழைய ஆட்டம் திரும்பவேயில்லை. அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில் வாஷிங்டன் சும்மா எடுத்துவைத்த கிர்க் கசின்ஸ் பின்னர் அவருடைய இடத்தைப் பிடித்தார். 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது, அந்தப் பேரத்தால் கிடைத்த ஆறு ஆட்டக்காரர்களையே நாணயம் சுண்டும் நேரத்தில் தலைவர்களாக மைதானத்தின் நடுவே அனுப்பிய ராம்ஸ், 24-0 என்று வென்றது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அள்ளிச் சேர்த்த அந்த ராம்ஸ் அணிக்கு 2012 முதல் 2016 வரை எந்தப் பருவத்திலும் வெற்றிகள் தோல்விகளை விஞ்சவில்லை. நல்ல தடுப்பாட்டக்காரர்கள் சேர்ந்தார்கள், குவாட்டர்பேக் சேரவில்லை. கடைசியில் 2016இல் ராம்ஸே பதினைந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறி ஜாரெட் காஃபை எடுத்தது. கீழிறங்குவதில் கிடைக்கும் எண்ணிக்கை, அணியின் மையத்தில் உள்ள ஓட்டையை அடைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

2017இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27ஆம் இடத்திலிருந்து பத்துக்கு ஏறிக் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. பஃபலோ பில்ஸுக்குக் கொடுத்தவை 27, 91ஆம் இடங்களும் 2018இன் முதல் சுற்று உரிமையும். அந்த உரிமை பின்னர் 22ஆம் இடமாக அமைந்ததால், ஜான்சன் அட்டவணைப்படி 1300 புள்ளிக்குச் சீஃப்ஸ் கொடுத்தது 1596. மஹோம்ஸ் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் மூன்று வெற்றிகளைத் தந்தபின் அந்த மிகைத் தொகையை யாரும் பேசுவதில்லை. பஃபலோவும் ஏமாறவில்லை, அடுத்த ஆண்டே இன்னொரு பேரத்தில் மேலேறி ஜாஷ் ஆலன் என்ற குவாட்டர்பேக்கைப் பிடித்தது. ஆயினும் 2020 முதல் 2024 வரையிலான பருவங்களில் அந்த அணி பிளேஆஃப் சுற்றுகளில் நான்கு முறை மஹோம்ஸிடமே தோற்று வெளியேறியது. லீகின் ஒரே பாதியில் மோத வேண்டிய எதிரிக்கு இடத்தை விற்பதன் விலை எந்த அட்டவணையிலும் இல்லை.

2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 12இலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது கூர்ந்து பார்க்கத் தக்கது. இரு இடங்களுக்கும் இடையே அட்டவணை காட்டும் வித்தியாசம் 1000 புள்ளிகள். அதற்கு ஈடாக மயாமிக்குப் போனவை 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்றுகளும் ஒரு மூன்றாம் சுற்றும். அடுத்த ஆண்டின் முதல் சுற்றை இந்த ஆண்டின் இரண்டாம் சுற்றாக மதிக்கும் வழக்கப்படி பார்த்தால் இந்த விலை 700 புள்ளியைக்கூட எட்டாது. மலிவுச் சரக்கு போலத் தோன்றும். கழிவைத் தள்ளிவைத்து, அந்த உரிமைகள் பின்னர் அமைந்த 29, 29, 102 என்ற இடங்களைக் கொண்டு கூட்டினால் 1372. ஒரே பேரம் ஒரு கணக்கில் லாபம், இன்னொன்றில் நட்டம். எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் ட்ரே லான்ஸ் அந்த அணிக்காக நான்கு ஆட்டங்களைத்தான் தொடங்கினார். 2023இல் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு டல்லாஸுக்கு அனுப்பப்பட்டார். விட்டுக்கொடுத்த 12ஆம் இடம் கைமாறிக் கைமாறி டல்லாஸிடம் போய், மைகா பார்சன்ஸ் என்ற சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனது. இவ்வளவுக்குப் பிறகும் ஃபார்ட்டிநைனர்ஸ் கவிழவில்லை. 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆம் இடத்தில் எடுத்த பிராக் பர்டியுடன் 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வரை சென்றது.

இவற்றை ஒப்பிடும்போது என் கண்ணுக்குப் படும் கோடு, அட்டவணையின் கோடு அன்று. மேலேறும் அணி எதிர்காலத்தின் முதல் சுற்றைக் கொடுக்கும்போது, தான் தோற்கப்போவதில்லை என்றே பந்தயம் கட்டுகிறது. முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களில் வென்றிருந்த சீஃப்ஸ் கொடுத்தது 22ஆம் இடமாயிற்று. பலமான ஃபார்ட்டிநைனர்ஸ் கொடுத்தவை 29ஆம் இடங்கள். வாஷிங்டன் கொடுத்த 2014ஆம் ஆண்டு உரிமையோ இரண்டாம் இடமாயிற்று. 1999இல் ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரருக்காக நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அவ்வாண்டின் எல்லா உரிமைகளுடன் சேர்த்துக் கொடுத்த 2000ஆம் ஆண்டு முதல் சுற்றும் இரண்டாம் இடமே. கரோலினா கொடுத்தது முதலிடம். காஃபுக்காக ராம்ஸ் கொடுத்த 2017ஆம் ஆண்டு உரிமைகூட ஐந்தாம் இடமாகத்தான் போனது. இத்தனைக்கும் அந்தப் பேரம் பலித்தது. காஃபுடன் அணி சூப்பர் பவுல் கண்டது. பலவீனமான அணிக்குத்தான் மேலேறும் ஆசை அதிகம். அதன் எதிர்கால உரிமைக்குத்தான் மதிப்பும் அதிகம்.

மூன்றாம் வழியை முழு மூச்சாகக் கையாண்டதும் ராம்ஸே. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தபின், மேலாளர் லெஸ் ஸ்னீட் 2019இல் தடுப்பாட்டக்காரர் ஜேலன் ராம்ஸிக்காக இரண்டு முதல் சுற்றுகளையும், 2021இல் குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டுக்காகக் காஃபுடன் மேலும் இரண்டு முதல் சுற்றுகளையும் கொடுத்தார். 2017 முதல் 2023 வரை அந்த அணி முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றது. இங்கே விலை அதிகம், ஆனால் வாங்குபவருக்குச் சரக்கு தெரியும். கல்லூரி ஆட்டத்தை வைத்து ஊகிக்கும் வேலை இல்லை. சம்பளச் சுமை கூடுவதால், மலிவான இளைஞர்களைப் பிந்திய சுற்றுகளில் கண்டுபிடிக்கும் கண் இருந்தால் மட்டுமே இவ்வழி நிலைக்கும். ஐந்தாம் சுற்றில் புகா நகுவா என்ற சிறந்த ரிசீவரை எடுத்த அணிக்கு அந்தக் கண் இருந்தது.

நான் மேலாளராக இருந்தால், பிந்திய சுற்றுகளின் சில்லறைப் பேரங்களில் எப்போதும் இறங்கும் பக்கமே நிற்பேன். மேலேறியே ஆக வேண்டுமென்றால் நடப்பாண்டின் உரிமைகளையே கொடுப்பேன். அடுத்த ஆண்டின் முதல் சுற்றை, என் அணி பிளேஆஃபுக்குப் போகும் என்ற உறுதி இல்லாமல் தொடமாட்டேன். கரோலினா ஒன்பதாம் இடத்தில் பொறுத்திருந்தால் பிரைஸ் யங் கிடைத்திருக்கமாட்டார் என்பது உண்மை. ஆனால் மூர் அணியிலேயே இருந்திருப்பார், ஓராண்டு கழித்து வந்த முதலிடமும் அவர்கள் கையிலேயே இருந்திருக்கக்கூடும்.